எத்தீரியம் சமூகமும் கூட்டாண்மைகளும்

எத்தீரியம் சமூகம் என்பது எத்தீரியம் எனப்படும் பொதுப் பிளாக்செயின் வலையமைப்பை உருவாக்கியும் இயக்கியும் பயன்படுத்தியும் வரும் நிரலாளர்கள், ஆய்வாளர்கள், கணு நடத்துவோர், நிறுவனங்கள், பயனர்கள் ஆகியோரின் தளர்வான கூட்டமைப்பு ஆகும். இதற்குப் பதிவு செய்யப்பட்ட உறுப்பினர் பட்டியலோ தலைமைச் செயலகமோ கிடையாது. ஆயினும், வலையமைப்பின் விதிகள் எப்பொழுது மாற வேண்டும், எப்பொழுது மாறக் கூடாது என்பதை இறுதியில் முடிவு செய்வது இச்சமூகமே ஆகும். பிளாக்செயின் திட்டங்கள் தமக்குள்ளும் பிற நிறுவனங்களுடனும் கூட்டாண்மை அமைப்பதற்கும், தம்மைச் சுற்றி ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்புவதற்கும் எத்தீரியத்தின் வரலாறு ஒரு முக்கியமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பின்னணி

பிளாக்செயின் அல்லது தொடரேடு என்பது, ஒரே கணக்கேட்டின் படிகளைப் பல கணினிகள் தனித்தனியே வைத்துக்கொண்டு, புதிய பதிவுகளைப் பொது விதிகளின்படி சரிபார்த்துச் சேர்க்கும் முறையாகும். இக்கணினிகள் கணுக்கள் எனப்படுகின்றன. சதோசி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 ஆம் ஆண்டு வெளியான கட்டுரையைத் தொடர்ந்து, 2009 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பிட்காயினே இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது.

ஒரு வங்கியின் கணக்கேட்டில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்தும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. பொதுப் பிளாக்செயினுக்கு அவ்வாறான உரிமையாளர் இல்லை. விதிகளை மாற்றும் புதிய மென்பொருளை எவரும் எழுதலாம். ஆனால் கணு நடத்துவோர் அதைத் தம் கணினிகளில் நிறுவினால் மட்டுமே மாற்றம் நடைமுறைக்கு வரும். சிலர் நிறுவிச் சிலர் மறுத்தால், ஒரே ஏடு இரண்டாகப் பிரியும். இது கிளைபிரிதல் எனப்படுகிறது. எனவே இத்திட்டங்களில் சமூகம் என்பது விளம்பரத்திற்கான பார்வையாளர் கூட்டம் அன்று. அது ஏட்டின் காவலும் நீதிமன்றமும் ஆகும்.

தோற்றம்

உருசியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த விட்டாலிக் பூட்டெரின், 2013 ஆம் ஆண்டின் இறுதியில் எத்தீரியத்திற்கான வெள்ளையறிக்கையை எழுதினார். நாணயப் பரிமாற்றம் மட்டுமன்றி, எந்த நிரலையும் பிளாக்செயினின் மீது இயக்க இயல வேண்டும் என்பது அதன் கருத்தாகும். இவ்வாறு ஏட்டில் பதிந்து தானே இயங்கும் நிரல், திறன்மிகு ஒப்பந்தம் எனப்படுகிறது. 2014 ஆம் ஆண்டு சனவரியில் மயாமியில் நடைபெற்ற பிட்காயின் மாநாடு ஒன்றில் இத்திட்டம் பொதுவில் அறிவிக்கப்பட்டது. கேவின் வுட், ஜோசப் லூபின், சார்லசு ஆசுகின்சன், அந்தோணி டி ஐயோரியோ, ஜெப்ரி வில்க்கே, மிகாய் அலிசி, அமீர் செட்ரிட் ஆகியோரும் இணை நிறுவனர்களாக அறியப்படுகின்றனர்.

திட்டத்தை இலாப நோக்குள்ள நிறுவனமாக நடத்துவதா, இலாப நோக்கற்ற அறக்கட்டளையாக நடத்துவதா என்பதில் நிறுவனர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 2014 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் எத்தீரியம் அறக்கட்டளை நிறுவப்பட்டது, ஆசுகின்சன் விலகினார். அவர் பின்னர் கார்டானோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். 2016 ஆம் ஆண்டில் அறக்கட்டளையிலிருந்து விலகிய வுட், போல்காடாட் என்ற திட்டத்தை உருவாக்கினார்.

2014 ஆம் ஆண்டு சூலை 22 முதல் 42 நாட்கள் நடைபெற்ற பொது விற்பனையில், ஏறத்தாழ 6 கோடி ஈதர் விற்கப்பட்டது. ஈதர் என்பது எத்தீரியத்தின் நாணயமாகும். இதன்மூலம் 31,000க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் திரட்டப்பட்டன. அவற்றின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 1.8 கோடி அமெரிக்க டாலர் ஆகும். வலையமைப்பு தொடங்கும் முன்னரே அதன் வெற்றி தோல்வியில் பங்குள்ள ஆயிரக்கணக்கானோரை இவ்விற்பனை உருவாக்கியது. 2015 ஆம் ஆண்டு சூலை 30 அன்று எத்தீரியம் இயங்கத் தொடங்கியது.

சமூகத்தின் உறுப்புகள்

எத்தீரியம் சமூகத்தில் பின்வரும் பிரிவினர் குறிப்பிடத்தக்கவர்கள்.

- அடிப்படை நிரலாளர்கள்: கணு மென்பொருளை எழுதுவோர். இவர்கள் பல நாடுகளில் பல குழுக்களாகப் பணியாற்றுகின்றனர்.
- சரிபார்ப்போர்: புதிய கட்டங்களை ஏட்டில் சேர்ப்போர். 2022 ஆம் ஆண்டு வரை இப்பணியை அகழ்வோர் செய்தனர்.
- செயலி உருவாக்குவோர்: திறன்மிகு ஒப்பந்தங்களைக் கொண்டு கடன், பரிமாற்றம், அடையாளம் முதலிய சேவைகளை அமைப்போர்.
- பயனர்களும் நாணயம் வைத்திருப்போரும்.
- நிறுவனங்கள்: பணப்பை, நாணயச் சந்தை, கட்டமைப்புச் சேவை வழங்குவோர்.

இவர்கள் நேரில் கூடும் முதன்மை நிகழ்வு டெவ்கான் மாநாடு ஆகும். இதன் முதல் கூட்டம் 2014 ஆம் ஆண்டு பெர்லினில் நடைபெற்றது. பின்னர் இலண்டன் (2015), சாங்காய் (2016), கான்கூன் (2017), பிராகா (2018), ஒசாக்கா (2019), பொகோட்டா (2022), பாங்காக் (2024) ஆகிய நகரங்களில் நடத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பதால், வெவ்வேறு பகுதிகளின் நிரலாளர்கள் பெரும் செலவின்றிக் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

பொதுத் தரங்கள்

விதி மாற்றங்களும் பொதுத் தரங்களும் எத்தீரியம் மேம்பாட்டு முன்மொழிவு என்ற வடிவில் முன்வைக்கப்படுகின்றன. இம்முறை 2015 ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. எவரும் முன்மொழிவு எழுதலாம். அது திறந்த வெளியில் விவாதிக்கப்பட்டு, நிரலாளர்களின் கூட்டங்களில் ஆராயப்படும். இக்கூட்டங்களும் பொதுமக்கள் காணும்படி ஒளிபரப்பப்படுகின்றன.

2015 ஆம் ஆண்டு நவம்பரில் பேபியன் வோகல்சுடெல்லர் முன்வைத்த ஈஆர்சி-20 என்னும் தரம், இம்முறையில் தோன்றியவற்றுள் புகழ்பெற்றதாகும். ஒரு டோக்கனை அனுப்புதல், இருப்பை அறிதல், பிறருக்குச் செலவிட அனுமதி அளித்தல் ஆகியவற்றுக்கான கட்டளைகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இது வரையறுக்கிறது. இத்தரத்தைப் பின்பற்றும் எந்த டோக்கனும், இத்தரத்தை அறிந்த எந்தப் பணப்பையிலும் சந்தையிலும் இயங்கும். இரு நிறுவனங்கள் சந்தித்துப் பேசி ஒப்பந்தம் கையெழுத்திட வேண்டிய தேவை இல்லை. 2017 ஆம் ஆண்டில் தொடங்கிய தாய் என்ற டாலர் மதிப்பு நாணயத்தை, 2018 ஆம் ஆண்டில் வந்த யூனிசுவாப் சந்தை எவரிடமும் அனுமதி கேட்காமல் ஏற்க முடிந்தது இதனாலேயே ஆகும். இதனை ஒப்பந்தமில்லாக் கூட்டாண்மை எனலாம்.

தி டாவோ பிளவு (2016)

சமூகத்தின் ஒற்றுமையை முதன்முதலில் கடுமையாகச் சோதித்த நிகழ்வு தி டாவோ ஆகும். உறுப்பினர்களின் வாக்கெடுப்பின்படி முதலீடு செய்யும் பொது நிதியமாக, முழுவதும் திறன்மிகு ஒப்பந்தத்தால் இது அமைக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் இதற்கு ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திரண்டது. அப்போது புழக்கத்தில் இருந்த மொத்த ஈதரில் இது ஏழில் ஒரு பங்கு அளவாகும்.

அந்நிரலில் ஒரு குறை இருந்தது. பணத்தை எடுக்கும்போது, கணக்கிலிருந்து கழிக்கும் முன்னரே பணம் அனுப்பப்பட்டது. கழிப்பதற்குள் மீண்டும் மீண்டும் பணம் கேட்டால், ஒவ்வொரு முறையும் பழைய இருப்பே கணக்கில் காட்டியது. 2016 ஆம் ஆண்டு சூன் 17 அன்று இக்குறையைப் பயன்படுத்தி ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் எடுக்கப்பட்டது. எனினும் நிரலின் விதிப்படி, எடுக்கப்பட்ட பணத்தைச் சில வாரங்களுக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது. அந்தக் கால இடைவெளியே விவாதத்திற்குக் கிடைத்த நேரம் ஆகும். இதற்கிடையில் தன்னார்வலர் குழு ஒன்று அதே குறையைப் பயன்படுத்தி, எஞ்சிய ஈதரைப் பாதுகாப்பாக வேறிடத்திற்கு மாற்றியது.

சமூகத்தில் இரு நிலைப்பாடுகள் எழுந்தன. திருடப்பட்ட பணத்தை உரியவர்களுக்குத் திருப்ப இயலும்போது திருப்பாமல் இருப்பது அநீதி என்றனர் ஒரு சாரார். ஏடு எவருக்காகவும் மாற்றப்படாது என்பதே பிளாக்செயினின் அடிப்படை வாக்குறுதி என்றும், ஒருமுறை அதை மீறினால் நாளை அரசுகளும் நிறுவனங்களும் அதையே கோரும் என்றும் மறு சாரார் வாதிட்டனர். நாணயத்தின் எடைக்கேற்ப நடத்தப்பட்ட இணைய வாக்கெடுப்பில் பெரும்பான்மை மாற்றத்தை ஆதரித்தது. எனினும் மொத்த ஈதரில் ஒரு சிறு பங்கே அவ்வாக்கெடுப்பில் கலந்துகொண்டது.

2016 ஆம் ஆண்டு சூலை 20 அன்று, 19,20,000 ஆவது கட்டத்தில் விதிமாற்றம் நடைபெற்றது. பணம் உரியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி தனி ஒப்பந்தத்திற்கு மாற்றப்பட்டது. மாற்றத்தை ஏற்காதோர் பழைய ஏட்டையே தொடர்ந்தனர். அது எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் தனி வலையமைப்பானது. சிறிய சமூகத்தைக் கொண்ட அவ்வலையமைப்பில் அகழ்வுத் திறனும் குறைவாக இருந்தமையால், 2019 ஆம் ஆண்டிலும் 2020 ஆம் ஆண்டிலும் பெரும்பான்மைத் திறனைக் கைப்பற்றி ஏட்டைத் திருத்தும் தாக்குதல்களுக்கு அது உள்ளாயிற்று.

பாரிட்டி உறைவு (2017–2018)

இரண்டாவது சோதனை வேறு முடிவைத் தந்தது. கேவின் வுட் இணைந்து நிறுவிய பாரிட்டி நிறுவனம், பலர் கையொப்பமிட்டு இயக்கும் பணப்பை ஒன்றை வெளியிட்டிருந்தது. அப்பணப்பைகள் அனைத்தும் ஒரே பொது நிரலகத்தைச் சார்ந்திருந்தன. 2017 ஆம் ஆண்டு நவம்பர் 6 அன்று, பயனர் ஒருவர் அந்நிரலகத்தின் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, பின்னர் அதை அழித்துவிட்டார். இதனால் 587 பணப்பைகளில் இருந்த 5,13,774 ஈதர் எவராலும் எடுக்க இயலாதவாறு உறைந்தது. வுட் தொடங்கிய போல்காடாட் திட்டத்திற்காகத் திரட்டப்பட்ட நிதியின் ஒரு பகுதியும் அதில் அடங்கும்.

அழிந்த நிரலகத்தை மீட்குமாறு 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில் 999 ஆம் இலக்க முன்மொழிவு வைக்கப்பட்டது. இம்முறை நாணய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 விழுக்காடு எதிர்ப்பும், 39 விழுக்காடு ஆதரவும் பதிவாயின. முன்மொழிவு நடைமுறைப்படுத்தப்படவில்லை. பணத்தை இழந்தோருள் திட்டத்தின் இணை நிறுவனரும், அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட கணு மென்பொருளை எழுதிய குழுவும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. செல்வாக்கு உள்ளவர்களுக்காகவும் ஏடு மாற்றப்படாது என்ற நடைமுறை இதன்பின் வலுப்பெற்றது. அதே வேளையில், 2016 ஆம் ஆண்டில் காட்டப்பட்ட இரக்கம் 2018 ஆம் ஆண்டில் ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்விக்கு அனைவரும் ஏற்கும் விடை இல்லை.

நிறுவனக் கூட்டாண்மைகள்

2017 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று எண்டர்பிரைசு எத்தீரியம் அலையன்சு என்ற கூட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாப்ட், இண்டெல், ஜேபி மார்கன், அக்சென்சர் உள்ளிட்ட 30 நிறுவனங்கள் இதன் தொடக்க உறுப்பினர்கள் ஆவர். நிறுவனங்களின் தேவைக்கேற்ற தரங்களை வகுப்பது இதன் நோக்கமாகும். 2015 ஆம் ஆண்டில் லினக்சு அறக்கட்டளை தொடங்கிய ஐப்பர்லெட்ஜர் திட்டத்துடன் இது 2018 ஆம் ஆண்டில் இணைந்து செயல்பட முடிவு செய்தது. ஜேபி மார்கன் உருவாக்கிய குவோரம் என்ற தனியார் பிளாக்செயின் மென்பொருள், 2020 ஆம் ஆண்டில் கன்சென்சிசு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது.

திறந்த சமூகம் இன்றி, கூட்டாண்மையை மட்டும் அடித்தளமாகக் கொண்ட திட்டங்களுடன் இதனை ஒப்பிடலாம்.

- லிப்ரா: பேசுபுக் நிறுவனம் 2019 ஆம் ஆண்டு சூன் 18 அன்று 28 தொடக்க உறுப்பினர்களுடன் அறிவித்த நாணயத் திட்டம். அரசுகளின் எதிர்ப்பு எழுந்ததும், அவ்வாண்டு அக்டோபரில் பேபால், விசா, மாசுட்டர்கார்டு முதலிய நிறுவனங்கள் விலகின. 2020 ஆம் ஆண்டு திசம்பரில் டியெம் எனப் பெயர் மாற்றப்பட்ட இத்திட்டத்தின் உடைமைகள், நாணயம் வெளிவராமலேயே 2022 ஆம் ஆண்டு சனவரியில் விற்கப்பட்டன.
- டிரேட்லென்சு: மெர்சுக்கு கப்பல் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் 2018 ஆம் ஆண்டில் தொடங்கிய சரக்குப் போக்குவரத்துத் தளம். பிற கப்பல் நிறுவனங்கள் சில இணைந்தபோதும், துறை முழுவதன் ஒத்துழைப்புக் கிட்டவில்லை எனக் கூறி 2022 ஆம் ஆண்டு நவம்பரில் இதனை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது.

இவ்விரண்டிலும் பங்குபெற்ற நிறுவனங்கள் எத்தீரியத்தின் தொடக்கக்கால ஆதரவாளர்களைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தவை. ஆனால் ஒப்பந்தத்தால் சேர்ந்த கூட்டாளி, ஆதாயம் குறைந்ததும் ஒப்பந்தத்தாலேயே விலகிவிட இயலும். விலகியபின் திட்டத்தைத் தொடர்ந்து நடத்தத் தனி நிரலாளர்களோ பயனர்களோ இருக்கவில்லை.

மாறாக, எத்தீரியத்தின் பொது வலையமைப்பைப் பெருநிறுவனங்கள் பின்னர் தாமாகவே பயன்படுத்தத் தொடங்கின. விசா 2021 ஆம் ஆண்டில் டாலர் மதிப்பு நாணயம் ஒன்றைக் கொண்டு எத்தீரியத்தில் கணக்குத் தீர்வை மேற்கொண்டது. பிளாக்ராக் 2024 ஆம் ஆண்டு மார்ச்சில் தன் நிதியம் ஒன்றை எத்தீரியத்தில் வெளியிட்டது.

பல மென்பொருள் குழுக்கள்

கேவின் வுட் 2014 ஆம் ஆண்டில் எழுதிய மஞ்சளறிக்கை, எத்தீரியத்தின் விதிகளைக் கணிதக் குறியீட்டில் வரையறுத்தது. இதனால் ஒரே விதிகளைப் பல குழுக்கள் வெவ்வேறு நிரல்மொழிகளில் தனித்தனியே எழுத முடிந்தது. இதன் பயன் 2016 ஆம் ஆண்டு செப்டம்பரில் தெரிந்தது. சாங்காய் மாநாடு தொடங்கிய வேளையில், கெத் என்ற மென்பொருளை முடக்கும் தாக்குதல் நடைபெற்றது. அப்போது பாரிட்டி மென்பொருளை இயக்கிய கணுக்கள் தொடர்ந்து செயல்பட்டமையால் வலையமைப்பு நிற்கவில்லை.

இக்கூட்டு முயற்சியின் பெரும் பயன், இணைப்பு எனப்படும் 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 மாற்றம் ஆகும். அன்று எத்தீரியம் பணிச் சான்று முறையிலிருந்து பங்குச் சான்று முறைக்கு மாறியது. மின் நுகர்வு 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. பிரிசம், லைட்அவுசு, டெக்கு, நிம்பசு, லோட்சுடார் ஆகிய புதிய மென்பொருள்களும், கெத், நெதர்மைண்ட், பெசு, எரிகான் ஆகிய முந்தைய வகை மென்பொருள்களும் ஒன்றோடொன்று பொருந்தி இயங்க வேண்டியிருந்தது. வெவ்வேறு அமைப்புகளைச் சேர்ந்த இக்குழுக்கள் சோதனை வலையமைப்புகளில் பலமுறை ஒத்திகை பார்த்த பின்னரே, இயங்கிக்கொண்டிருந்த ஏட்டை நிறுத்தாமல் மாற்றம் நிகழ்த்தப்பட்டது.

பொதுப்பணிக்கான நிதி

அனைவரும் பயன்படுத்தும் திறந்த மென்பொருளுக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. இச்சிக்கலுக்குத் தீர்வாக விட்டாலிக் பூட்டெரின், சோயி இட்சிக், கிளென் வெய்ல் ஆகியோர் 2018 ஆம் ஆண்டில் இருபடி நிதியளிப்பு என்ற முறையை முன்வைத்தனர். 2019 ஆம் ஆண்டு முதல் கிட்காயின் தளம் இதனை நடைமுறைப்படுத்தியது. இம்முறையில் ஒவ்வொருவர் நன்கொடையின் வர்க்கமூலமும் கணக்கிடப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகை வர்க்கப்படுத்தப்படும். பொது நிதி அவ்விகிதத்தில் பகிரப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு திட்டத்திற்கு ஒருவர் 100 டாலர் கொடுத்தால் அதன் மதிப்பெண் 100 ஆகும். வேறொரு திட்டத்திற்கு 100 பேர் ஆளுக்கு 1 டாலர் கொடுத்தால், மதிப்பெண் 10,000 ஆகும். இரண்டிலும் திரண்ட தொகை ஒன்றே. ஆனால் பலரது ஆதரவு பெற்ற திட்டத்திற்கே பொது நிதியில் பெரும்பங்கு சேரும். ஒருவரே பல போலிக் கணக்குகளில் நன்கொடை அளித்து ஏமாற்ற இயலும் என்பது இதன் முதன்மைக் குறைபாடாகும்.

பெருந்திரள் பங்கேற்பு

2024 ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று நடைமுறைக்கு வந்த மேம்பாட்டிற்கு, எவரும் அறியாத ஓர் இரகசிய எண்ணிலிருந்து பெறப்பட்ட கணிதத் தரவு தேவைப்பட்டது. இதற்காக 2023 ஆம் ஆண்டில் ஒரு பொதுச் சடங்கு நடத்தப்பட்டது. பங்கேற்ற ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு தற்போக்கு எண்ணைச் சேர்த்துப் பின் அதை அழித்தனர். 1,40,000க்கும் மேற்பட்ட பங்களிப்புகள் கிடைத்தன. அவற்றுள் ஒருவரேனும் நேர்மையாகத் தம் எண்ணை அழித்திருந்தால் போதும், முழுத் தரவும் பாதுகாப்பானது. ஒரு சமூகத்தின் எண்ணிக்கையே அதன் பாதுகாப்பாக மாறியதற்கு இது நேரடியான சான்றாகும்.

திறனாய்வுகள்

எத்தீரியம் சமூகத்தின் ஆட்சிமுறை குறித்துப் பல குறைகள் சுட்டப்படுகின்றன. நாணய எடை வாக்கெடுப்பில் செல்வர்களின் குரலே ஓங்கும். பூட்டெரினின் கருத்துக்கு முறைப்படியான அதிகாரம் இல்லாவிடினும், அதன் செல்வாக்கு மிகுதி. 2023 ஆம் ஆண்டில், பங்குச் சான்றுக்காக வைக்கப்பட்ட ஈதரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிடோ என்ற ஒரே சேவையின் வழியாக வைக்கப்பட்டிருந்தது, மையப்படுத்தல் குறித்த கவலையை எழுப்பியது.

மறுபுறம், எந்த ஒரு பிரிவினரும் தனித்து ஆட்சி செய்ய இயலவில்லை என்பதையும் நிகழ்வுகள் காட்டுகின்றன. 2021 ஆம் ஆண்டு ஆகத்து 5 அன்று, கட்டணத்தின் ஒரு பகுதியை அழிக்கும் 1559 ஆம் இலக்க முன்மொழிவு நடைமுறைக்கு வந்தது. தம் வருவாய் குறையும் என்பதால் அகழ்வோர் குழுக்கள் சில வெளிப்படையாக எதிர்த்தும் அது நிறைவேறியது.

பொதுவாகப் பிளாக்செயின் துறையில், ஒரு பெருநிறுவனத்தின் சேவையை வாடகைக்கு எடுத்ததையே கூட்டாண்மை என அறிவித்து நாணய விலையை உயர்த்தும் போக்கும், இலவச டோக்கன் வழங்கித் திரட்டிய கூட்டத்தையே சமூகம் என அழைக்கும் போக்கும் காணப்படுகின்றன. பரிசுக்காக வந்தோர் பரிசு முடிந்ததும் செல்வது இயல்பு. இழப்பு நேரும்போது யார் கூடி விவாதிக்கிறார்கள், நிறுவனர் விலகிய பின்னும் யார் மென்பொருளைப் பேணுகிறார்கள் என்பவற்றைக் கொண்டே ஒரு திட்டத்தின் சமூகத்தை மதிப்பிட இயலும். தி டாவோ, பாரிட்டி ஆகிய இரு நிகழ்வுகளும் எத்தீரியத்தைப் பொறுத்தவரை அத்தகைய அளவுகோல்களாக அமைந்தன.